விழாத துண்டு

மழலையர் பள்ளியில் அவளுக்குக் கத்தரி டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்தது, பிறகு மற்ற ஆசிரியைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஜன்னலோர மேசையில் முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல்களைப் பரப்பிக்கொண்டு, பிஞ்சு விரல்களுக்குப் பழக்கம் கொடுப்பது அவள் வேலை. கட்டைவிரல் கூரையைப் பார்க்க வேண்டும், முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், காகிதம் பிடித்த கை தூங்கக்கூடாது. நாள் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருப்பாள். தூக்கத்தில்கூடச் சொல்வதாக அவள் கணவர் கேலி செய்வார்.

பாராட்டுவதில் அவள் கஞ்சம். அழகாக வெட்டி நீட்டும் பிள்ளையிடம், “ம், அடுத்ததை எடு” என்பாள். அவ்வளவுதான். பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது. அந்த ‘ம்’ எவ்வளவு நீளம் என்பதை வைத்தே அவள் மனசைக் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் பொத்தான் குழப்பிவிட்டாள்.

பொத்தான் என்பது அந்தச் சிறுமியின் வீட்டுப் பெயர். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். தேய்த்த சட்டைகளுக்குப் பொத்தான் மாட்டுவது மகளின் விளையாட்டு. வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தாள். வந்த முதல் நாளே கத்தரிக்கோலைச் சரியாகப் பிடித்தாள். கட்டைவிரல் மேலே, முழங்கை உள்ளே, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் காகிதத்தையும் அவள் முழுதாக வெட்டவில்லை. கோட்டின் மேலேயே நேராக வருவாள். ஓரத்துக்கு ஒரு நூல் தூரத்தில் நின்றுவிடுவாள். துண்டு அறுந்தும் அறாமலும் தொங்கும். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்ப்பாள்.

விரலில் பலமில்லையோ என்று மாவு பிசையக் கொடுத்தாள் டீச்சர். பஞ்சை நனைத்துப் பிழியச் சொன்னாள். துணிக் கிளிப்புகளை அட்டையைச் சுற்றி மாட்டச் சொன்னாள். மற்ற பிள்ளைகளுக்கு முன்பே பொத்தான் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். திரும்பவும் காகிதத்தைக் கொடுத்தால் திரும்பவும் அதே தொங்கல். டீச்சருக்கு மண்டை காய்ந்தது.

மாலையில் அழைத்துப் போக வந்த அம்மாவிடம் கேட்டாள்.

“வீட்ல கையில எதையாவது பிடிக்கச் சிரமப்படுறாளாம்மா?”

“இவளா? குழந்தைச் சட்டையில இருக்கிற குட்டிப் பொத்தானை எனக்கே மாட்ட வராது டீச்சர். இவதான் மாட்டித் தருவா. ஏன், என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

“சும்மா கேக்கற முகமா இல்லையே.”

டீச்சருக்குச் சொல்ல என்ன இருந்தது? கை சரியாக இருக்கிறது. கண் சரியாக இருக்கிறது. பிறகு எது சரியாக இல்லை? ஒரு கை தனக்குத் தெரிந்ததைக் கடைசி நொடியில் எப்படி மறக்கும்? மறக்கிறதா, மறுக்கிறதா? யோசிக்க யோசிக்கச் சிக்கல் கூடியதே தவிர ஒரு முனையும் கைக்கு அகப்படவில்லை.

தலைமை ஆசிரியைக்கு யோசனையெல்லாம் கிடையாது. ஆண்டு முடியப்போகிறது, முழுதாக வெட்டத் தெரியாத பிள்ளை மேல் வகுப்புக்குப் போக முடியாது என்பது பள்ளியின் வழக்கம்.

“அடுத்த வருஷமும் கீழேயே இருக்கட்டும் டீச்சர். ஒண்ணும் குடி முழுகிடாது.”

“அவ கூட்டாளிங்க எல்லாம் மேல போயிடுவாங்க மேடம்.”

“அதுக்கு நான் என்ன பண்ண? உங்க மேசையில கத்துக்கிட்டாளா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

“தெரியல மேடம்.”

“கத்தரி டீச்சருக்கே தெரியலைன்னா யாரைப் போய்க் கேக்கறது? சரி, நாளைக்கு என் அறைக்குக் கூட்டிட்டு வாங்க. நானே பாத்துடறேன்.”

மறுநாள் காலையில் டீச்சர் அடுப்படியில் பால் பையின் மூலையை வெட்டினாள். பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் பையைக் குப்பைக்கூடையில் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மூலை அறுபடவில்லை. ஓரத்தில் ஒரு நூல் அளவு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

“ஏங்க, இதைப் பாருங்களேன்.”

காலணி மாட்டிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். அவர் குழாய் வேலை செய்கிறவர். “பால் பை. முன்னாடியே பாத்திருக்கேன்.”

“முழுசா வெட்டல நான்.”

“என்னைக்கு வெட்டியிருக்கே? துண்டு தொட்டியில விழுந்து குழாயை அடைச்சுக்குது, விழாம வெட்டுன்னு நான்தானே சொன்னேன். கல்யாணம் ஆன புதுசுல. நான் சொன்னதுல நீ கேட்டது அது ஒண்ணுதான்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. எப்போதோ ஒரு வாய் சொன்னது. கை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறது, அவளைக் கேட்காமலே. அப்படியானால் அந்தச் சின்னக் கைக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார்?

பள்ளிக்கு நடந்து போகும்போது பாதித் தெருவில் அது உறைத்தது. அவள் மேசையில் பாடம் ஒரு வரிசையில் போகும். முதலில் குறுகலான பட்டைக் காகிதம். ஒரே வெட்டில் துண்டு விழும், பிள்ளைகள் கைதட்டும். அதற்குப் பிறகுதான் ‘புல்’. பச்சைக் காகிதத்தின் ஓரம் முழுக்கக் கீறி நிறுத்த வேண்டும், அறுத்துவிடக் கூடாது. பொத்தான் வந்து சேர்ந்தது புல் வெட்டிய வாரம். அன்று அவளிடம் டீச்சர் சொன்ன முதல் வார்த்தை: “கடைசி வரைக்கும் போகாதே கண்ணு. விழுந்துடக் கூடாது.”

வகுப்பில் பொத்தானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“நீ ஏம்மா கடைசி வரைக்கும் வெட்டறதில்ல?”

சிறுமி அவளை விசித்திரமாகப் பார்த்தாள். “விழுந்துடும்ல.”

“மத்தவங்க எல்லாம் வெட்டறாங்களே?”

“அவங்க தப்பா வெட்டறாங்க.” பொத்தான் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க ஏன் அவங்களைத் திட்டவே மாட்டேங்கறீங்க?”

அப்படியானால் இத்தனை நாளும் இந்த மேசையின் இரண்டு பக்கமும் குழப்பம் இருந்திருக்கிறது. வெட்டி முடித்தபின் அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்தது உதவி கேட்டல்ல. ஒரு ‘ம்’முக்காக.

“அது புல்லுக்கு மட்டும்தான் கண்ணு. இதை நீ வெட்டிப் போடலாம்.”

“விழுந்தா?”

“விழட்டும்.”

பொத்தான் கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். “நேத்து விழக் கூடாதுன்னீங்க.” நேற்றல்ல அது, ஆனால் அவளுக்கு நடந்ததெல்லாம் நேற்றுதான். அதற்குள் தலைமை ஆசிரியையிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது.

அந்த அறையில் மேசை உயரம். பொத்தானின் கண்கள் மட்டும்தான் விளிம்புக்கு மேல் தெரிந்தன. டீச்சர் இரண்டு தலையணைகளை நாற்காலியில் அடுக்கி உட்கார வைத்தாள். தலைமை ஆசிரியை ஒரு தாளில் கோடு போட்டு நீட்டினார்.

“எங்கே, வெட்டு பாக்கலாம்.”

பொத்தான் தாளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மிக மரியாதையாகக் கேட்டாள்.

“இது விழணுமா, விழக் கூடாதா?”

தலைமை ஆசிரியை டீச்சரைப் பார்த்தார். “என்ன கேக்கறா இவ?”

டீச்சர் வாயைத் திறந்தாள். தான் சொன்னால் அது தன் பழைய வார்த்தையோடு மோதும் என்று தோன்றவே மூடிக்கொண்டாள். “நீங்களே சொல்லுங்க மேடம். நீங்க சொல்றபடிதான் வெட்டுவா.”

“விழணும்தான். வெட்டறதுன்னா விழாம?”

பொத்தான் முழங்கையை ஒட்டிக்கொண்டு கோட்டின் மேல் வந்தாள். ஓரத்தை நெருங்கியதும் கை நின்றது. சிறுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தரிக்கோலை மூடினாள். துண்டு மேசை விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்தது.

பொத்தான் ஒரு கண்ணைத் திறந்தாள். தலையணைகளிலிருந்து சறுக்கி இறங்கி, மேசைக்கு அடியில் புகுந்து, துண்டை எடுத்துத் தலைமை ஆசிரியையின் கையில் கொடுத்தாள்.

“விழுந்துடுச்சு” என்றாள், மன்னிப்புக் கேட்பவளைப் போல.

தலைமை ஆசிரியை துண்டைப் புரட்டிப் பார்த்தார். ஓரம் கோடு பிசகாமல் இருந்தது. “நல்லாத்தானே வெட்டறா. இதுக்கா இவ்வளவு நாள் இழுத்தீங்க? மேல் வகுப்புல போட்டுடுங்க.”

வெளியே வந்ததும் பொத்தான் நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தாள்.

“ம்ம்ம்” என்றாள் டீச்சர். அந்த மேசையில் யாருக்கும் கிடைத்திராத நீளம் அது. பொத்தான் வகுப்பை நோக்கி ஓடினாள்.

டீச்சர் நடையிலேயே நின்றாள். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பொத்தான் வந்து சேர்ந்த அந்த வாரம், புல்லைத் தவிர அவளிடம் வேறு என்னென்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.