அதுக்கப்புறம் என்னா ஆச்சு தெரியுமா?

பழைய பேப்பர் வாங்கும் எங்கள் லோரி சந்துக்குள் மூக்கை நுழைத்ததும் பிச்சைமுத்து அண்ணன், ஒலிபெருக்கியில் தானாக ஓடிக்கொண்டிருக்கும் அந்த மலாய்க்காரப் பெண்ணின் குரலை அணைத்துவிடுவார். "பேப்பர் லாமா, பேட்டரி லாமா" என்று பாதி சொல்லும்போதே அவள் வாய் அடைத்துப்போகும். பிறகு சுருள் வயர் போட்ட மைக்கை எடுத்து இரண்டு முறை ஊதுவார். காலையில் வாங்கிய பேப்பர்க் கட்டின் மேலாக இருக்கும் தாளை ஸ்டியரிங் மேல் விரித்துத் தலைப்பைப் படிப்பார்.

"குரங்குகள் தொல்லை, குடியிருப்பாளர்கள் புகார்! ரெண்டாயிரத்து ஆறாம் வருசத்துப் பேப்பர் இது. அதுக்கப்புறம் என்னா ஆச்சு தெரியுமா? குரங்குங்களும் போயி ரிப்போட் பண்ணிருச்சு லா, இந்த மனுசங்க தொல்லை தாங்க முடியலன்னு. கேஸ் இன்னும் நடக்குது. குரங்குக்கு வாதாடுற லாயரு ரொம்பக் கெட்டிக்காரன்."

ஜன்னல்கள் திறக்கும். துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் தனலெட்சுமி அக்கா மாடியிலிருந்தே கேட்பார்: "அண்ணே, அந்தக் கேஸ்ல எங்க வீட்டுக்காரரு எந்தப் பக்கம்?"

"சாட்சி லா தங்கச்சி. ரெண்டு பக்கத்துக்கும்."

சந்து முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக இரண்டு கட்டுப் பேப்பர் கீழே வரும். நான் அவருக்குக் கெலிண்டான். அதாவது லோரியின் பின்னால் தொங்கிக்கொண்டு போய், கட்டுகளைத் தூக்கித் தராசில் வைத்து, மேலே எறிகிறவன். இந்த லோரி, யுத்த காலத்தில் ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கியபோது பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தது என்று நினைக்கிறேன். அண்ணனும் அதே வயசு மாதிரிதான் இருப்பார். ஆள் அவ்வளவு ஒல்லி. கடற்காற்று பலமாக அடித்தால் பறந்துவிடாமல் இருக்க ஒரு காலைத் தராசு மேல் வைத்துக்கொள்வார். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு காது கிடையாது. அந்தப் பக்கத்துக்கு, பேப்பர் கட்டுகிற ரப்பியா கயிறுதான். பால் சேர்க்காத கோப்பி ஓவைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி லோரியின் பின்பார்வைக் கண்ணாடியில் மாட்டிவிடுவார். அது ஆடி ஆடி, ஜார்ஜ்டவுனின் எல்லா மேடு பள்ளத்தையும் எங்களுக்கு முன்னால் சொல்லிவிடும்.

"டுரியான் விளைச்சல் அமோகம்" என்று ஒரு தலைப்பு கிடைத்தால் போதும். அந்த முள்ளுப் பழம் மண்டையில் விழும் என்று பாலிக் புலாவில் மனிதர்கள் தூங்கும்போதுகூட ஹெல்மெட் போட்டார்களாம். தூக்கத்தில் போட்டுப் போட்டு அலுத்துப்போய்த்தான் இப்போது மோட்டாரில் போகும்போது போடுவதில்லையாம். இதை அவர் ஒரு போலீஸ்காரருக்கே சொல்லி, அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் எங்களுக்குச் சம்மன் எழுத மறந்துபோனார்.

ஆனால் எந்தக் கட்டு வந்தாலும் அண்ணன் முதலில் தமிழ்ப் பேப்பரைத்தான் தேடுவார். தேதி பார்ப்பார். எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தப் பேப்பர் இருந்தால் சிரிப்பு நின்றுவிடும். ஒரே ஒரு தாளை மட்டும் உருவி, நாலாக மடித்து, தான் உட்காரும் சீட்டுக்கு அடியில் செருகிக்கொள்வார். தாசேக் கெலுகோர் வரைக்கும் போய் அந்தத் தாளைப் பொறுக்கியிருக்கிறோம். செருகிச் செருகிச் சீட்டு உயர்ந்து, இப்போது மேடு ஏறினால் அவர் தலை கூரையில் இடிக்கிறது. "அண்ணே, இன்னும் கொஞ்சம் ஏத்துனா கூரையில ஓட்டை போடணும்" என்றேன். "போட்டுக்கலாம்டா" என்றார்.

அந்தத் தாளின் கீழ் மூலையில் ஒரு பொது அறிவிப்பு. பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் படம். "என் மகள் தவமணி என் விருப்பத்துக்கு மாறாகத் திருமணம் செய்துகொண்டதால் இன்று முதல் அவருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை. இப்படிக்கு, பிச்சைமுத்து." தாயில்லாத பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தவர், அவள் ஹைருல் என்ற முஸ்லிம் பையனைக் கட்டிக்கொண்டு மதம் மாறிய கோபத்தில் போட்ட அறிவிப்பு. கோபம் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. பேப்பர் இறங்கவில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு அலமாரியில் கிடந்தது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், தவமணி குடியிருக்கும் ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குப் போகிறோம். அங்கே எல்லாரும் கைப்பேசியில் படிக்கிறவர்கள். ஒரு கிலோ பேப்பர் தேறாது. ஆனாலும் வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த நல்ல தலைப்புகளை அண்ணன் அங்கேதான் அவிழ்ப்பார், நாலாம் மாடியைப் பார்த்து. அங்கே ஒரு ஜன்னல் மட்டும் திறக்காது. திரை மட்டும் கொஞ்சம் ஆடும். "மர்ஜானா, உள்ள வா" என்று தவமணி தன் மகளைக் கூப்பிடும் குரல் கேட்கும். அதைக் கேட்டதும் அண்ணன் இன்னொரு தலைப்பு படிப்பார்.

"லிஃப்ட்டு இருக்குண்ணே" என்பேன்.

"அது என்னை ஏத்தாதுடா."

போன ஞாயிறு அந்த லிஃப்ட்டில் ஹைருல் இறங்கி வந்தான். கையில் ரப்பியா கயிறு கட்டிய ஒரு சின்னக் கட்டு. எட்டு வருடத்தில் அவர்களிடமிருந்து வந்த முதல் கட்டு. தராசு மேல் வைத்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"வீடு காலி பண்றோம் மாமா. ஜோகூருக்கு. எனக்கு அங்கதான் வேல கெடச்சிருக்கு."

அண்ணன் முள்ளைப் பார்ப்பது போலத் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப?"

"புதன்கெழம."

நான்தான் கயிற்றை அறுத்தேன். மேலே நாலைந்து பள்ளிக்கூட நோட்டு, ஒரு மலிவு விற்பனைத் தாள். அடியில், அந்தச் செவ்வாய்க்கிழமைப் பேப்பர். முழுசாக, கசங்காமல்.

"எந்த வீட்டுக்குப் போனாலும் தவமணி இதத் தூக்கிட்டே வருவா மாமா" என்றான் ஹைருல். "இந்தத் தடவ, எடைக்குப் போட்டுருங்கன்னுட்டா."

அண்ணன் அதை வாங்கினார். வழக்கமாக உருவும் தாளை உருவவில்லை. லோரிக்குள் ஏறி, அந்தப் பக்கத்தை ஸ்டியரிங் மேல் விரித்தார். மைக்கை எடுத்தார். இரண்டு முறை ஊதினார். ஜன்னல்கள் திறந்தன. நாலாம் மாடித் தாழ்வாரத்துக் கம்பியில் ஒரு சின்னத் தலை வந்து ஒட்டிக்கொண்டது.

"எட்டு வருசத்துக்கு முந்துன பேப்பர் இது" என்றார். "ஒரு அப்பன், பெத்த மகள மகளே இல்லன்னு பேப்பர்ல போடுறான். அதுக்கப்புறம் என்னா ஆச்சு தெரியுமா?"

அடுக்குமாடியே சிரிக்கத் தயாராக இருந்தது. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. லோரி அளவுக்குப் பெரிய மூச்சு.

"அப்புறம் என்னா ஆச்சு தாத்தா?" என்று மேலேயிருந்து மர்ஜானா கத்தினாள்.

நாலாம் மாடி ஜன்னலில் திரை ஆடியது. அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார். ஒரு கையால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறு கையில் இருந்த மைக்கை, சுருள் வயர் சுருளெல்லாம் போய் நேராக விறைக்கும் வரைக்கும், அந்த ஜன்னலை நோக்கித் தூக்கி நீட்டினார்.