செண்பகம் அக்காவின் இடது காது

சுக்கின் காரம் மூக்கில் ஏறும்போதெல்லாம் நான் செய்த தவறு நினைவுக்கு வருகிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிவாங்குவது கேட்டும் அசையாமல் படுத்துக் கிடந்தேன். பிறகு தூங்கிவிட்டதாகப் பொய்யும் சொன்னேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

எழுபதுகளில் கொச்சியின் மட்டாஞ்சேரியில், ஒரு சுக்குக் கிடங்குக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். அம்மாவும் மற்றப் பெண்களும் அந்தக் கிடங்கில் சுக்குப் பொறுக்கினார்கள். அவர்கள் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். எந்த வீட்டிலாவது புருஷன் கை நீட்டினால் பக்கத்து வீட்டில் இருப்பவர் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்ட வேண்டும். சத்தம் கேட்ட பெண்கள் எல்லாரும் அந்த வாசலில் வந்து நிற்பார்கள், திட்டமாட்டார்கள், அவன் அடங்கும்வரை நகரவும் மாட்டார்கள். "தாம்பாளம் கொட்டுறது" என்று அதற்குப் பெயர்.

அன்று எனக்குக் காய்ச்சல். "எடா, செண்பகம் வீட்டுல சத்தம் கேட்டா உடனே தட்டிரு, கிடங்கு வரைக்கும் கேக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போனாள். பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்காவின் புருஷன் மூட்டை சுமப்பவர். சில நாட்களுக்கு முன் தண்ணீர்க் குழாயடியில் என் வலது மணிக்கட்டைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே, "தாம்பாளத்துல கை வெச்சா அப்புறம் இடது கையால எழுதிப் பழகணும், தெரிஞ்சுதா மோனே?" என்றிருந்தார்.

பிற்பகலில் முதல் அறை விழுந்த சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. தாம்பாளம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் மூச்சுச் சத்தம்கூட அவருக்குக் கேட்டுவிடுமோ என்று போர்வையை வாயில் அடைத்துக்கொண்டேன். அக்கா இரண்டு முறை என் பெயரைச் சொல்லி அழைத்தாள். மூன்றாவது முறை அழைக்கவில்லை.

மாலையில் அவள் இடது காதிலிருந்து ரத்தம் கசிந்தது. படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார் புருஷன். அவரைப் பார்த்துக்கொண்டே அவளும் தலையாட்டினாள். பெண்கள் என்னைக் கேட்டார்கள். தூங்கிட்டேன் என்றேன். என் சொல்லை நம்பித் திரும்பிப் போனார்கள்.

அவர் அடுத்து என்ன செய்வாரோ என்ற பயத்தில் சில நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடிக்கவில்லை, கையைப் பிடித்து இழுத்துப்போய் எல்லாப் பெண்களின் முன்னால், அவரும் நிற்க, திரும்பச் சொல்ல வைத்தாள். "என்ன சொல்றான்?" என்று அக்கா கேட்டாள். அம்மா அவளுடைய வலது காதில் குனிந்து சொன்னாள். "நாளையிலிருந்து இவ எங்ககூடக் கிடங்குக்கு வருவா, ராத்திரி எங்கள்ல யார் வீட்டுலயாவது படுப்பா" என்றார்கள் பெண்கள். அவர் இறங்கிப் போனார், போகும்போது என் கையைப் பார்த்தார். அந்த வருடம் முழுவதும் நான் சுற்றுவழியாகவே பள்ளிக்குப் போனேன். பகலில் தாம்பாளம் தட்டும் பொறுப்பை, எதிர்வீட்டு ராவுத்தர் மகள், ஒன்பது வயது பாத்திமாவுக்குக் கொடுத்தார்கள்.

இன்று அந்த வரிசை வீடுகள் இல்லை; அங்கே சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி இருக்கிறது, ஓர் அறையின் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்பதில்லை. செண்பகம் அக்கா களமசேரியில் மகளோடு இருக்கிறாள். போகும்போதெல்லாம் அவளுக்கு வலப்பக்கம் உட்காருகிறேன். இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தடவையும், "சாயா ஆறுது, குடிடா" என்றாள்.