எழுபத்தோரு அணைகளும் ஒரு கடைமடையும்

அணையின் மேல் நடக்கும்போது இசைவாணி ஏரிப் பக்கம் திரும்புவதே இல்லை. மற்றவர்கள் எல்லாம் நீலமாய்த் தேங்கிக் கிடக்கும் தண்ணீரை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இவளோ எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு கீழே எட்டிப் பார்ப்பாள். மதகு எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது, எந்த மலைச் சந்தில் வளைந்து மறைகிறது என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பையிலிருந்து டிபன் பாக்ஸ் வெளியே வரும். தயிர்சாதம், மாவடு. ஊரிலிருந்து கொண்டுவந்த மாவடு தீர்ந்துபோன மாதங்களில் ஜப்பான் கடையில் விற்கும் உப்புக் காய். கீழே பார்த்தபடியே சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஓடும் தண்ணீரிடம் சொல்வாள்: "சரி, நீ எங்கதான் போறேன்னு பாத்துருவோம்."

முப்பத்தைந்து வயது. ஜப்பானில் தொயோஹாஷி என்ற ஊரில், கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஒன்பது வருடமாக அங்கேதான். உடன் வேலை செய்கிறவர்கள் லீவு கிடைத்தால் கடைத்தெருவுக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் போவார்கள். இவள் அணை பார்க்கப் போவாள். வடக்கே பனி கொட்டும் மலைகள் முதல் தெற்கே தீவுகள் வரை இதுவரை எழுபத்தோரு அணைகள். மூன்று ரயில் மாறி, நாளைக்கு இரண்டே தடவை வரும் பஸ்ஸைப் பிடித்து, மீதித் தூரத்தை நடந்தே போய்ச் சேருவாள். கார் பாகத்தில் மயிரிழை கோணலாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவளுக்குக் கார் ஓட்ட மட்டும் பயம்.

அந்த நாட்டில் இப்படி அணை அணையாகச் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகவே அணை அலுவலகங்களில் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று தருகிறார்கள். முன்பக்கம் அணையின் படம், பின்பக்கம் உயரம், கொள்ளளவு, மதகு விவரம். நேரில் போனால்தான் கிடைக்கும், ஆளுக்கு ஒன்றுதான். அட்டை கைக்கு வந்ததும் மற்றவர்களுக்கு வேலை முடிந்தது. இசைவாணிக்கு அப்போதுதான் பாதி முடிந்திருக்கும். வரைபடத்தில் கால்வாயை விரலால் பிடித்துக்கொண்டே போவாள். கோடு எந்த ஊரில் முடிகிறதோ அந்த ஊருக்கு அடுத்த பஸ். அங்கே கடைசி வயலில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அட்டை ஆல்பத்துக்குள் போகும். இல்லாவிட்டால் ஒரு பிஸ்கட் டின்னில் காத்துக் கிடக்கும். எழுபத்தொன்றில் பதினாறு இன்னும் டின்னில்தான் இருக்கின்றன.

"அணைய மட்டும் பாத்துட்டு வர்றது, கல்யாண மண்டபத்து வாசலப் பாத்துட்டுத் திரும்பி வர்ற மாதிரி. கடைசிப் பந்தி வரைக்கும் சோறு இருந்துச்சான்னு பாக்க வேணாமா?" என்று கேட்பாள்.

அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பேராவூரணிக்குத் தெற்கே இருக்கும் அவளுடைய ஆலத்திடல் கடைமடை ஊர். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, புது ஆறு என்கிற கால்வாயில் இறங்கி, தஞ்சாவூரையும் பட்டுக்கோட்டையையும் தாண்டி, வழியில் இருக்கிற மதகுக்கெல்லாம் பங்கு கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால் ஆலத்திடலுக்கு வரும். அவள் அப்பா காத்தான் நாற்பது வயது வரை அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். அதற்குப் பிறகு சொந்தமாக நாலு மா நிலம் வாங்கினார். வாய்க்காலின் கடைசி மடை அதுதான், அந்தப் பக்கம் தென்னந்தோப்பு ஆரம்பித்துவிடும். "நம்ம கைக்கு எட்டுனது அந்த எடந்தான். தண்ணி மொதல்ல பாயுற எடத்த எவன் நமக்குக் குடுக்கப்போறான்?" என்று அவர் கோபமில்லாமல்தான் சொல்வார். கேட்கிறவர்களுக்குத்தான் என்னவோ செய்யும்.

தொயோஹாஷிக்கு மேலே மலையில் உரே என்று ஓர் அணை. அதன் தண்ணீர் கால்வாய் வழியாக, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலத்தின் முனை வரை போகிறது. இசைவாணி முதன்முதலில் முழுசாகப் பார்த்து முடித்தது அதைத்தான். முனையில் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். இங்கே தண்ணீர் ஒழுங்காக வருமா என்று அவரிடம் கேட்டாள். அவர் விழித்தார். தன் ஜப்பான் மொழிதான் தப்போ என்று மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். மொழியில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் வராமல் எப்படி இருக்கும் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் வரப்போரம் இருந்த குழாயைத் திருகிக் காட்டினார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. இசைவாணி ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு அதில் போய் நின்றாள். அவள் வீட்டில் புதுத்தண்ணீரில் செருப்போடு கால் வைக்கமாட்டார்கள். அன்றிலிருந்து எந்த அணையின் கடைசி வயலுக்குப் போனாலும், பனிக்காலமே ஆனாலும், ஷூவைக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கியதில்லை.

அன்றைக்குப் போன் செய்தபோது காத்தான் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"மொத மடைக்கும் கடைமடைக்கும் ஒரே வேகமாவா வருது, ஆயி?"

"ஒரே வேகந்தாம்ப்பா."

"வெளையாடாத."

"சத்தியமாப்பா. கொழாயத் தொறந்தா வருது."

அவர் நம்பவில்லை. முட்டைக்கோசுக்கு நடுவே நின்று தான் அழுததை அவளும் சொல்லவில்லை.

இந்தப் பைத்தியத்தில் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. மூன்றாவது அணை பார்க்கப் போனபோது, அணைக்குக் கீழே ஆற்றங்கரைப் பாறை ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று சங்கு ஊதியது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மளமளவென்று கூடையைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். அணையில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்பது இசைவாணிக்கும் புரிந்துவிட்டது. தண்ணீர் வருகிறது என்றால் ஆலத்திடலில் யாராவது கரையில் நிற்பார்களா? ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கிவிட்டாள். ஒலிபெருக்கி முதலில் மரியாதையாகச் சொன்னது. பிறகு மரியாதையைக் குறைத்துக்கொண்டது. தலைக்கவசம் போட்ட இருவர் ஓடி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே இழுத்தார்கள். திட்டிவிட்டுக் குனிந்து வணங்கினார்கள், வணங்கிவிட்டு மறுபடி திட்டினார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் வந்தால் உள்ளே இறங்கித்தான் வரவேற்போம் என்று நனைந்த காலோடு நின்று விளக்கினாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போகும்போது அட்டையோடு வெள்ள எச்சரிக்கைத் துண்டுத்தாள் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆல்பத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

தினமும் காலை ரயிலில் ஏறியதும் போனில் மேட்டூரின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. தொழிற்சாலை கேண்டீனில் உடன் சாப்பிடும் ஜப்பான் பெண்களுக்குக்கூட இது பழகிவிட்டது. அவள் முகம் வாடியிருந்தால், மேட்டூரில் எத்தனை அடி என்று அவர்களே விசாரிக்கிறார்கள்.

இத்தனை இருந்தும் அவளுக்கு ஒரு குறை. சொந்த ஊரின் கடைசி மடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதைப் பார்த்துப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. பதினேழு வயதில் பாலிடெக்னிக் படிக்கப் போனவள். அதன்பின் ஓசூர், அதன்பின் ஜப்பான். தொழிற்சாலைக்கு மே மாதம் லீவு, ஆகஸ்டில் லீவு, புது வருடத்துக்கு லீவு. மேட்டூர் திறக்கும் ஜூனில் மட்டும் கிடையாது. இந்த வருடம் மேலதிகாரியிடம் போய் நின்று, சேர்ந்திருந்த லீவையெல்லாம் மொத்தமாகக் கேட்டு, பதினெட்டு நாள் வாங்கிக்கொண்டு ஜூன் பத்தாம் தேதி வந்து இறங்கினாள். மேட்டூரைப் பார்ப்பது, அந்தத் தண்ணீர் அப்பாவின் வயலுக்குள் நுழைவதைப் பார்ப்பது. அவள் போட்டுவைத்திருந்த திட்டம் அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் தேதி அப்பாவையும் மேட்டூருக்கு அழைத்துப் போனாள். அறுபத்தேழு வயதில் காத்தான் அந்த அணையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்வைக் கோபுரத்தின் மேல் நின்று மகள் வழக்கம்போலக் கீழ்ப்பக்கம் பார்த்தாள். அப்பா ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார், வெகுநேரம்.

"நாம வர்ற தண்ணியத்தான் பாத்துருக்கோம், ஆயி. இருக்குற தண்ணிய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு, "இம்புட்டையும் இங்க வச்சுக்கிட்டுத்தான் நம்மள அந்தப் பாடு படுத்துச்சா?" என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

மேட்டூருக்கு அட்டை கிடையாது. ஆகவே இசைவாணியே ஒன்று தயாரித்தாள். பட்டுக்கோட்டையில் ஒரு பிரிண்டிங் கடையில் உட்கார்ந்து, மதகில் தண்ணீர் பாயும் படத்தை முன்பக்கம் போட்டு, பின்பக்கம் உயரம், கொள்ளளவு எல்லாம் அதே ஜப்பான் வரிசையில் போட்டு ஒரே ஒரு பிரதி எடுத்தாள். எழுபத்திரண்டாவது அட்டை. ஆல்பத்தில் வைக்கவில்லை, தண்ணீர் வயலுக்கு வராமல் வைக்கமாட்டாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கல்லணை திறந்தது. தண்ணீர் தஞ்சாவூர் வந்தது. ஒரத்தநாடு தாண்டியது. அதன்பிறகு அது நடையைக் குறைத்துக்கொண்டது. வாய்க்கால் ஷட்டர் பார்க்கும் லஸ்கர் தியாகேசனிடம் தினமும் போய் நின்றாள். எழுபத்தோரு அணையின் மதகுகளை மனப்பாடமாய்ச் சொல்கிறவள், ஒரு ஆள் உயர ஷட்டருக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்னைக்கு வரும்ணே?"

"வந்துரும்மா. மொறை வச்சு உடுறாங்கள்ல, மேல உள்ளவங்க மொறை முடியணும்."

காத்திருந்த நாளை வீணாக்கவில்லை. அப்பாவும் மகளுமாக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வாய்க்காலின் கடைசி ஒரு பர்லாங்கில் மண்டியிருந்த புல்லையும் செடியையும் வெட்டிக் கரையில் போட்டார்கள். வந்த தண்ணீர் நம்மால் நின்றுபோனதாக இருக்கக்கூடாது என்றாள். உள்ளங்கையில் கொப்புளம். இருபத்தாறாம் தேதி தண்ணீர் எட்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று தகவல் வந்தது. மறுநாள் மத்தியானம் அவள் கிளம்பவேண்டும்.

"வண்டிய எடுத்துட்டுப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துரு ஆயி. எட்டு கிலோமீட்டர்தானே" என்றார் காத்தான்.

"அது அவங்க தண்ணிப்பா. நம்மளுது இங்க வரணும்."

"எல்லாம் ஒரே தண்ணிதான்."

"ஒரே தண்ணின்னா இந்நேரம் இங்கல்ல இருக்கணும்?"

காத்தான் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். வாழ்நாள் முழுக்க அவர் வாய்க்குள் வைத்திருந்த கேள்வி அது. மறுநாள் பஸ்ஸுக்குப் போகும்போது அவள் ரோட்டை விட்டுவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, காய்ந்த வாய்க்காலுக்குள்ளேயே மெயின்ரோடு வரை நடந்து போனாள். அம்மா ராசம்மாள் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேட்டூர் அட்டை பதினேழாவதாகப் பிஸ்கட் டின்னில் போய்ச் சேர்ந்தது.

ஜூலை இரண்டாம் தேதி. அங்கே மாலை ஐந்தரை, ஊரில் மதியம் இரண்டு மணி. வேலை முடிந்து ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வரிசையில் நின்றிருந்தாள். வீடியோவில் அம்மா கூப்பிட்டாள். முதலில் வெயில்தான் தெரிந்தது, பிறகு ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும் தியாகேசன், பிறகு அவள் வெட்டிச் சுத்தம் செய்த வாய்க்கால். அதில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, செம்மண் நிறத்தில், நாய் மோப்பம் பிடிப்பதுபோல இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் வந்தது. காத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவாய்க்காலில் நின்றார். மண்வெட்டியால் மடையை வெட்டினார். தண்ணீர் வயலுக்குள் திரும்பியது.

"பாத்துட்டியா ஆயி?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"பாத்துட்டேம்ப்பா."

"அப்ப அந்த அட்டைய ஆல்பத்துல வச்சுரு" என்றாள் அம்மா.

"இதெல்லாம் கணக்குல வராதும்மா. நேர்ல பாக்கணும்."

ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஒதுங்கி அவளைத் தாண்டி ஏறினார்கள். இசைவாணி போனை ஒரு கையில் உயரப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஷூவின் முடிச்சை அவிழ்த்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி, சாக்ஸை உருவி, ஓரமாக வைத்துவிட்டு, பிளாட்பாரத்துச் சிமெண்டில் வெறுங்காலோடு நின்றாள்.