ஆறினதும் கட்டு

ரொட்டிக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் பெரியக்காதான். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். அடுப்பிலிருந்து வரும் ரொட்டியைத் தாளில் சுற்றிக் கட்டுகிற அறை அவள் பொறுப்பு. ஆண்டவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நூலைத் தொடுவாள். அவள் போட்ட முடிச்சு அவிழாது என்பார்கள் கடைக்காரர்கள். அவள் வாயைத் திறந்தால் அதுவும் லேசில் மூடாது என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள்.

சின்ன வயதில் அப்பா அம்மாவோடு இந்த ஊருக்கு வந்தவள். அப்போது அவர்களுக்கு மூட்டைக்காரர்கள் என்று பெயர். குழாயடியில் ஊர்க்காரர்கள் இவர்கள் குடத்தை ஓரமாக நகர்த்தி வைப்பார்கள். அப்படி நகர்த்தியவர்களின் தாத்தாக்களும் ஒரு காலத்தில் படகில் வந்து இறங்கியவர்கள்தான். அவர்களை உப்புத்தலை என்று கேலி பேசினார்களாம். இன்றைக்கு மூட்டைக்காரர் யார், உப்புத்தலை யார் என்று யாருக்கும் தெரியாது. சண்டை போட்டு, சமாதானமாகி, சம்பந்தமும் செய்துகொண்டாகிவிட்டது. பெரியக்கா வீட்டுப் பழைய பாஷையில் தம்பி பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை வராது.

இந்தச் சமயத்தில்தான் ஆமாக்கூட்டம் வந்தது. பாஷை தெரியாமல் எதற்கெடுத்தாலும் "ஆமா" என்று தலையாட்டியதால் அந்தப் பெயர். அவர்களில் உச்சிக்கொண்டை போட்ட ஒருத்தி கட்டும் அறையில் சேர்ந்தாள். பெரியக்கா வயதுதான் இருக்கும். புருஷன் படுத்த படுக்கை. இவள் வேலைக்குப் போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும். ஆனாலும் பெரியக்காவுக்கு அவளைப் பிடிக்கவில்லை. தன் ஆட்களோடு ஏதோ பேசிச் சிரித்தால், நம்மைத்தான் சொல்கிறாளோ என்று தோன்றும்.

ஒருநாள் பெரியக்காவுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. "ஆறினதும் கட்டு, தெரியுதா?" என்று கொண்டைக்காரியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அவளும் ஆமா என்றாள்.

மறுநாள் கடைகளிலிருந்து ரொட்டி அத்தனையும் திரும்பி வந்தது. சூட்டோடு கட்டியதில் வியர்த்து, நசநசவென்று தாளோடு ஒட்டிக் கிடந்தது. முதலாளி தலையில் கைவைத்தார். கொண்டைக்காரி இன்றோடு நின்றுகொள்ளட்டும் என்றார். அடுப்படியில் நிற்கும் பெரியக்காவின் தம்பிக்கு அதுவும் போதவில்லை. இந்தக் கூட்டத்தையே உள்ளே விடக்கூடாது, வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று குதித்தான்.

பெரியக்கா ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தாள். எப்போதும் பத்துப் பத்தாகக் கட்டுவது வழக்கம். இதில் ஆறு. அடுத்ததிலும் ஆறு. ஏன் இப்படி என்று கொண்டைக்காரியைக் கேட்டாள்.

அவள் அழுதுகொண்டே விரல்களை விரித்துக் காட்டினாள். "அக்கா சொன்னது. ஆறு ஆனதும் கட்டு. ஆறு எண்ணினேன். கட்டினேன்."

பெரியக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் கலங்கியது. அவளைக் கையோடு முதலாளியிடம் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள். தம்பி மசியவில்லை. இதெல்லாம் சாக்கு என்றான்.

"ஏண்டா, நம்ம அப்பா இந்தக் கூடத்தத் திறந்துபோட்டுட்டு ஓடினாரே, அது என்ன சாக்கு?"

அது வீட்டில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற கதை. வந்த புதிதில் தெருவில் சிலர் அப்பாவைக் காட்டி, ரெண்டு சாத்து சாத்தினால் ஓடிவிடுவான் என்று பேசியிருந்தார்கள். சாத்து என்றால் அடி என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று பெரிய முதலாளி, நேரமாச்சு, சாத்திடு என்றார். யாரையோ அடிக்கச் சொல்கிறார் என்று பயந்து, துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார் அப்பா. பெரிய முதலாளி தேடிப் பிடித்து வந்து, கதவை மூடிக் காட்டிப் புரியவைத்தாராம்.

முதலாளி சிரித்துவிட்டார். "எங்க அப்பாவும் இதச் சொல்லுவாரு. சரி, இருக்கட்டும் பெரியக்கா. நீங்க பாத்துக்குங்க."

தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். ஆனால் மறுநாள் ரொட்டித் தட்டைக் கொண்டைக்காரி முன்னால் வைத்து, சூடு என்று கையை உதறிக் காட்டினான். அவள் ஆமா என்று சொல்லவில்லை. புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள். அவனும் சொன்னான்.

காலம் ஓடியது. ஊருக்கு இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்தது. ஒரு காலையில் கொண்டைக்காரி மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"அக்கா, வாசல்ல புதுசா ரெண்டு பேரு வேல கேட்டு நிக்கிறாங்க. ஒரு வார்த்த பேச வரல. இப்படியே போனா நம்ம ஆளுங்க கதி என்ன ஆகும்?"

"நம்ம ஆளுங்கன்னா யாரு?"

"நீங்க, நான், உங்க தம்பி... வேற யாரு?" சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரியக்கா மனதுக்குள் ஆண்டவனுக்கு ஒரு கும்பிடு போட்டாள். கொண்டைக்காரி முணுமுணுத்துக்கொண்டே முந்தானையால் பலகையைத் துடைத்து, வந்தவர்களை உட்காரச் சொல்லப் போனாள்.