திருப்பிச் சொல்பவர்

நான் வேலைக்குப் போகும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு வாசலில் ஒரு காவலாளி இருந்தார். வெளுத்த காக்கிச் சட்டை, நரைத்த முறுக்கு மீசை. யார் எதைச் சொன்னாலும் அதை மெல்லத் திருப்பிச் சொல்லிக்கொள்வார். வீட்டில் என் பேச்சை முதல் முறையே கேட்க ஆள் கிடையாது. இங்கே இரண்டாம் முறையும் ஒலித்ததில் பூரித்துப்போயிருந்தேன். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"ஒரு நாளு டூட்டிக்குக் கெளம்பசொல்ல வூட்டுக்காரி ஏதோ சொன்னா சார். செல்லு டிங்குன்னுச்சு. அதப் பாத்துகினே 'உம்' கொட்டிட்டு வந்துட்டேன். சாயங்காலம் மாரடைப்புல பூட்டா. இன்னா சொன்னான்னு ஞாபகமே வரல."

"செல்லுல என்ன வந்துது?"

"குக்கர் ஆஃபரு. அது மட்டும் அப்டியே ஞாபகம் கீது."

என் சட்டைப்பையில் செல்போன் டிங்கென்றது. தானாகப் போன கையைப் பாதியில் நிறுத்தி, "வரேங்க" என்றேன்.

"வரேங்க" என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.