‘விர்’ என்ற சொல்லுக்கு இரண்டு தமிழ்

நான் ஜெர்மன் கற்றுக்கொண்டது ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குப் போவதற்காக. சென்னையில் ஒன்றரை வருடம், ஆபீஸ் முடிந்த பிறகு வாரம் மூன்று நாள் வகுப்பு. கடைசியில் விசா வந்ததென்னவோ டெக்சஸுக்கு. வந்து சேர்ந்த பிளானோ ஊரில் என்னோடு ஜெர்மன் பேச யாரும் இல்லை. படித்தது வீணாகக் கூடாது என்ற வீம்பில் ஜெர்மன் கதைகளாகப் படித்துத் தள்ளினேன். அதிலும் போருக்குப் பிறகு எழுதப்பட்டவைதான் எனக்குப் பிடிக்கும். அவற்றில் யாரும் அலங்காரமாகப் பேச மாட்டார்கள்.

இது தெரிந்ததால்தான் எங்கள் வாசகர் வட்டத்தில் ‘போருக்குப் பிந்தைய ஜெர்மன் இலக்கியத்தில் சமூகம்’ என்ற தலைப்பை என் தலையில் கட்டினார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் பின்னறையில் இருபது, இருபத்தைந்து தமிழர்கள் கூடும் வட்டம் அது. உரை என்றால் பாதிப் பேர் போனை நோண்டுவார்கள். அதனால் ஒரு சிறுகதையைத் தமிழாக்கி வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கதை சின்னது. போர் முடிந்து ஒரு யூதப் பெண் தனியாகத் தன் ஊருக்குத் திரும்புகிறாள். அவள் குடும்பத்தை நாஜிகள் லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று தெரு முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றது. இப்போது அதே தெரு ஒவ்வொருவராக வந்து அவள் கதவைத் தட்டுகிறது. ஒருத்தி சூப் கொண்டுவருகிறாள், ஒருவர் விறகு. எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: எதுவும் தெரியாது. அந்தக் காலத்து எழுத்தாளர்கள் இடிந்த வீடுகளை எழுதினார்கள், பசியை எழுதினார்கள், பிறகு புது ஃப்ரிட்ஜும் புது காரும் வந்த வீடுகளை எழுதினார்கள். எதை எழுதினாலும் இந்தத் ‘தெரியாது’வை மட்டும் விடாமல் துரத்தினார்கள். அவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அதனால் வந்தது.

அந்த வாக்கியம் ஜெர்மனில் ‘விர்’ என்று தொடங்குகிறது. அங்கே நாமுக்கும் நாங்களுக்கும் அது ஒரே சொல். தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். கேட்பவளையும் சேர்த்துக்கொண்டால் ‘நமக்கு எதுவும் தெரியாது’. அவளை வெளியே நிறுத்தினால் ‘எங்களுக்கு எதுவும் தெரியாது’. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதே இல்லை. என்னை வீட்டில் விட்டுவிட்டு அப்பாவோடு கிளம்பும் என் மகள், “நாம போறோம், பை” என்பாள். நான் யோசிக்காமலே ‘எங்களுக்கு’ என்று எழுதி, வட்டத்தை நடத்தும் அங்கிளுக்கு அனுப்பினேன்.

அவர் கோயம்புத்தூர்க்காரர், ஓய்வுபெற்ற பொறியாளர். மறுநாள் காலை நான் டோல்வேயில் ஆபீஸுக்குக் காரோட்டிக்கொண்டிருந்தபோது அழைத்தார்.

“அந்த ‘எங்களுக்கு’ங்கறது கொஞ்சம் இடிக்குதுங்கம்மா. ‘நமக்கு’ன்னு போட்டுருங்களேன். படிக்கறவங்களுக்கு ஒரு ஒட்டுதல் வரும்.”

“அவளையும் சேத்து நமக்குத் தெரியாதுன்னு எப்படி அங்கிள் சொல்றது? அவ வீட்லதான நடந்துது?”

“அதுக்கில்லீங்க. ‘எங்களுக்கு’ன்னா ஊரே ஒரு பக்கம், அந்தப் பொண்ணு மட்டும் தனின்னு ஆயிருதில்ல?”

“தனியாத்தான் விட்டாங்க அங்கிள்.”

போனை வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. இவருக்கு இலக்கியம் என்றால் வெல்லப் பொங்கலாக இருக்க வேண்டும் என்று காருக்குள்ளேயே திட்டிக்கொண்டு போனேன். ஆபீஸ் எக்ஸிட்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. இதே வாக்கியத்தை, இதே சொல்லோடு, நானே ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் என்னோடு வேலை பார்ப்பவள், மேலப்பாளையத்துக்காரி. ஒன்பது வருடப் பழக்கம். வட்டத்தில் இருவரும் சேர்ந்தே சேர்ந்தோம். மூன்று மாதத்துக்கு முன்பு வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு ஃபார்வேர்டைப் போட்டார்கள். முஸ்லிம்களுக்கு வீடு வாடகைக்கு விட்டால் என்னவெல்லாம் ஆகும் என்று ஒரு பட்டியல். அவள் அதன் கீழே, “இதை எல்லாரும் படிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். ஒருவரும் பதில் போடவில்லை. அரை மணி நேரம் கழித்து வேறொருவர், மாம்பழப் பெட்டி யாருக்கு வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பதில்கள் வந்து குவிந்தன. நானும் ஒரு பெட்டி கேட்டேன். அவள் குழுவிலிருந்து விலகினாள், கூட்டத்துக்கு வருவதையும் நிறுத்தினாள். அடுத்த நாள் ஆபீஸில் நான் அவளிடம், “நாங்க யாருமே அதைச் சரியா பாக்கலப்பா, மியூட்ல இருந்துது” என்றேன். அவள் “சரி” என்றாள். அத்தோடு முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். டிரையரிலிருந்து எடுத்த துணிகளை சோபாவில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை.

“அந்த மெசேஜை அன்னிக்கு நான் படிச்சேன். நீ கேட்டதையும் படிச்சேன். பாக்கலைன்னு சொன்னது பொய்” என்றேன்.

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நான் போட்ட மெசேஜை யார் யார் படிச்சாங்கன்னு என் போன்ல காட்டும்ல? க்ரூப்ப விட்டு வர்றதுக்கு முன்னால பாத்தேன். உன் பேரு மூணாவது.”

ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள்.

“பொய் சொன்னதக்கூட விட்டுட்டேன். ‘நாங்க யாருமே பாக்கல’ன்ன பாத்தியா? ஒம்பது வருஷத்துல அதுக்கு முன்னால ஒரு நாளும் எங்கிட்ட நீ நாங்கன்னு பேசினதில்ல. நாமன்னுதான் சொல்லுவ.”

அழுகை வந்தது, அவமானத்தால் வந்த அழுகை. மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

“இதைச் சொல்றதுக்காக இவ்வளவு தூரம் டிரைவ் பண்ணி வந்திருக்க. சரி. ஆனா அது நடந்தது இங்க இல்லியே?”

திரும்பி வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன். வட்டத்திலிருந்து என்னை விலக்கினாலும் சரி, என்னோடு பேச்சை நிறுத்தினாலும் சரி, கூட்டத்தில் இதைச் சொல்லாமல் கதையை வாசிக்கப் போவதில்லை.

மறுநாள் நூலக அறையில் கதைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஃபார்வேர்டு வந்த நாளைச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். “நான் படித்தேன். படித்துவிட்டு மாம்பழம் ஆர்டர் பண்ணினேன்” என்றேன். “இது இலக்கியக் கூட்டம்” என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். நான் கதையை வாசித்தேன். எட்டு இடத்தில் வரும் ‘எங்களுக்கு எதுவும் தெரியாது’வை எட்டு இடத்திலும் அப்படியே, நிறுத்தி, வாசித்தேன். யாரும் போனைப் பார்க்கவில்லை. முடிந்தபோது யாரும் கைதட்டவும் இல்லை.

எல்லோரும் கலைந்த பிறகு அங்கிள் நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாற்காலியோடு என் பக்கம் வந்தார்.

“நானும் படிச்சனுங்கம்மா” என்றார் மெதுவாக.

“அவ வீடு உங்களுக்குத் தெரியும்ல அங்கிள்? மூணு பெருநாளைக்கு அங்க சாப்பிட்டிருக்கீங்களே.”

“தெரியும்.”

“அப்ப அங்க போய்ச் சொல்லுங்க” என்றேன்.