ஒன்றரை நிமிடச் சவாரியும் உப்பில்லாக் குழம்பும்

ஐம்பத்து மூன்று வயதில், ஒன்றரை நிமிட ரோலர் கோஸ்டர் சவாரிக்காக மூன்று மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டவன் நான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அசல் வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. என் மனைவி அதைத் தனக்காகச் செய்த காரியம் என்று நினைத்துத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, மறுத்து ஒரு வார்த்தை பேசாமல், அடக்கமானவன்போல முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்தில் கிளை நூலகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். வருஷம் முழுக்க மற்றவர்களைச் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன், ஒரு நாளாவது தன் சொந்தக் காசில் கத்த வேண்டாமா? இருபத்தாறு வயதில் பயிற்சி வகுப்புக்காகச் சென்னைக்குப் போனபோது, ஊர் திரும்பும் வழியில் இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் முதன்முதலாக ஏறினேன். இறங்கியதும் ஓடிப்போய் மறுபடி வரிசையில் நின்றேன். அன்று பிடித்தது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது போகாவிட்டால், ஏதோ தடுப்பூசி போட மறந்ததுபோல இருக்கும். என் வீட்டில் இதற்கு ராட்டினப் பைத்தியம் என்று பெயர்.

வயது ஏற ஏற, இறங்கியதும் ஓடுவது போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பது வந்தது. பிறகு பெஞ்சு தேடுவது. மறுநாள் கழுத்துக்குத் தைலம் தேய்க்கும்போது தலையணை சரியில்லை என்று பழி போடுவது. ஆனால் உடம்பு கொடுத்த எச்சரிக்கைகளைவிட வரிசையில் நின்ற பிள்ளைகள் கொடுத்தவைதான் வலித்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால், எனக்கு முன்னே நின்ற கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க ஏறல இல்ல? இந்த பேகெல்லாம் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?" என்று நான்கு பைகளையும் என் தோளில் மாட்டிவிட்டுப் போனார்கள். நானும் பார்த்துக்கொண்டேன். அவர்கள் திரும்பி வந்து "தேங்க்ஸ் அங்கிள்" சொன்ன பிறகுதான் மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போனேன்.

போன தை மாதம் அந்த மரியாதையும் போயிற்று. சவாரி வாசலில் நின்றவர் என் தலைமுடியைப் பார்த்து, "ஐயாவுக்கு வயசு இன்னாங்க?" என்றார்.

"நாற்பத்தெட்டு."

"ஆதார் இருக்குதுங்களா?"

ஆதார் பொய் சொல்லாது. ஐம்பது தாண்டியவர்கள் முதலுதவி அறைக்குப் போய் பிரஷர் பார்த்து, நர்ஸ் கொடுக்கும் சீட்டோடு வந்தால்தான் ஏற்றுவார்களாம், புது விதியாம். போனேன். என் மகள் வயதுள்ள நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நூத்தி எழுபது, நூத்தி நாலு" என்றார்.

"வெயில்ல நடந்து வந்தேம்மா, அதான்."

"பத்து நிமிஷம் உக்காருங்க."

உட்கார்ந்தேன். நூற்று எழுபத்து நான்கு ஆனது.

"எந்த ஊர்ங்க சார்?"

"மரக்காணம்."

"அதான்!" என்று சிரித்தார். "ஊரையே உப்புல போட்டு வெச்சிருக்கீங்களே. நூத்தி நாப்பதுக்குக் கீழ கொண்ணாங்க, சீட்டு தர்றேன். இன்னிக்கு வேணும்னா அந்தப் பக்கம் பசங்க ஏறற குட்டி ரயில் இருக்குது, அதுக்கு பிரஷர் பாக்க மாட்டாங்க."

குட்டி ரயிலில் நான் ஏறவில்லை. ஏறினேன் என்று என் மச்சான் ஊரில் சொல்லிவருவது பொய்.

ஆறு வருஷமாக டாக்டர் உப்பையும் சர்க்கரையையும் குறை என்கிறார். மனைவி கருவாட்டை ஒளித்துவைத்தாள், ஊறுகாய் ஜாடியை இடம் மாற்றினாள், ஒரு தடவை அழவும் செய்தாள். எல்லாவற்றையும் தாண்டி வந்தவன் நான். ஆனால் அன்று பேருந்தில் திரும்பி வரும்போது, சாலையின் இருபக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் வரத் தொடங்கியதும், முதல் முறையாக அவற்றை எதிரியாகப் பார்த்தேன். இனி வாழ்நாளில் இன்னொரு தடவை ஏற முடியுமா முடியாதா என்பதுதான் கேள்வி. வீட்டுக்குள் நுழைந்ததும், பூங்காவைப் பற்றி வாய் திறக்காமல், "நாளையிலிருந்து எனக்கு உப்பு வேண்டாம்" என்றேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

உப்பளத்தின் நடுவே இருந்துகொண்டு உப்பை விடுவது சுலபமான காரியம் அல்ல. காற்றே உப்பு. பைக்கில் போய்வந்தால் மீசையில் உப்பு. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, நாலைந்து பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறவன். முதல் அறுவடையில் ஒரு மூட்டை கல்லுப்பு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அதை வாசலிலேயே மறித்தேன்.

"ஏன் மாமா, எங்க உப்பு ஆவலியா? கடையில பாக்கெட்டு வாங்கறீங்களா?"

"எந்த உப்பும் வேணாம்டா. விட்டுட்டேன்."

"சாராயத்த விட்டவன பாத்துருக்கறேன், பீடிய விட்டவன பாத்துருக்கறேன். உப்ப விட்டவன இப்பதான் பாக்கறேன்" என்றான். மூட்டையை எடுத்துக்கொண்டு போனவன் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

காலையில் பாத்திகளின் கரை மேல் நடக்கத் தொடங்கினேன். நான்கு மணிக்கே வந்து உப்பு வாரிக்கொண்டிருக்கும் பெண்கள், கையில் பலகையும் இல்லாமல் தலையில் கூடையும் இல்லாமல் வேகவேகமாகப் போகும் மனிதனை வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா சார், எதனா தொலைச்சிட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "சும்மா நடக்கறேன்" என்றேன். "சும்மா நடக்கறதுக்கா இந்நேரத்துக்கு எழுந்தீங்க?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வீட்டுக்குள் நடந்தது. மனைவி பக்கத்து வீடுகளில், "நான் அன்னிக்கு ஒரு தபா அழுதேன், அது மனசுல இருந்திருக்குது பாருங்க" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். ஒரு வாரம் கழித்து, நான் தனியாகச் சப்பென்று சாப்பிடுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று தன் குழம்பிலும் உப்பை நிறுத்திவிட்டாள். "உனக்கென்ன, நீ போட்டுக்கோ" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீங்க மட்டும் கஷ்டப்படணுமா?" என்றாள். இதைவிட ஒருவனை அடித்திருக்கலாம். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ருசியே இல்லாத வத்தக்குழம்பை ருசிப்பதுபோலச் சாப்பிட்டோம். நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் மாதாமாதம் பார்த்ததில் நூற்று ஐம்பத்தாறு, நூற்று நாற்பத்தாறு என்று இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிற நேரத்தில் உண்மையைப் பேசி ஏற்றிக்கொள்வானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, சென்னையில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மனைவி உப்பில்லாத தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

அதே நர்ஸ். என்னை ஞாபகம் இருந்தது. "மரக்காணம் சாரா? திரும்ப வந்துட்டீங்களா!" என்று சொல்லிக்கொண்டே பட்டையைச் சுற்றினார். நூற்று நாற்பத்தெட்டு. மூன்று மாதச் சோறு கண் முன்னால் வந்தது.

"பயந்துக்கினு இருக்கீங்க. கண்ண மூடி எதனா அமைதியா நெனச்சுக்கினு உக்காருங்க."

கடவுளை நினைத்தேன். அவரிடம் கேட்பதற்கு ஒரு விஷயம் இருந்ததால் பதற்றம் கூடியது. பிறகு பாத்தியில் உப்புக் காய்வதை நினைத்தேன். அதைவிட மெதுவான காரியம் எனக்குத் தெரியாது. தேங்கிய நீர், மேலே வெயில், யாரும் எதுவும் செய்யாமலே ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு கட்டுவது. எவ்வளவு நேரம் போனதோ. "நூத்தி முப்பத்தெட்டு" என்று குரல் கேட்டது.

சீட்டை நீட்டியபோது வாசலில் இருந்தவர் சல்யூட் அடித்தார். கிண்டலா மரியாதையா என்று ஆராயவில்லை. பெட்டி கடகடவென்று மேலே இழுத்துக்கொண்டு போயிற்று. எனக்குப் பிடித்தது விழுவது அல்ல. அதற்கு முன்னால் உச்சியில் ஒரு கணம் நிற்குமே, அது. தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை, செய்யவும் ஒன்றும் இல்லை. இனி நடக்கப்போவது எதுவும் நம் பொறுப்பில் இல்லை. சம்பளம் வாங்கும் மனிதனுக்கு இப்படி ஒரு கணம் வேறு எங்கே கிடைக்கும்? அப்புறம் விழுந்தோம். வருஷம் முழுக்க நூலகத்தில் அடக்கிவைத்ததை எல்லாம் கத்தித் தீர்த்தேன். இறங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதத்தைத் திறந்தேன். அதற்குள் ஊறுகாய்க்குப் பதிலாக, உப்புப் போடாமல் வதக்கிய மாங்காய்த் துண்டுகள் இரண்டு இருந்தன. எனக்காகப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்குமேல் அந்தச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம். மீன்குழம்பு, அதிலும் உப்பில்லை. தன் தட்டில் முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்து, முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவள் பாடுபடுவதைப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை. தை மாதத்திலிருந்து நேற்றுவரை எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ், சீட்டு, ஆபீஸ் வேலை என்ற பொய், நூற்று முப்பத்தெட்டு.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். உப்பு ஜாடியோடு வந்து, தன் தட்டில் மட்டும் தாராளமாக ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு உப்புப் போட்ட முதல் கவளம். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எனக்கு வாய் ஊறியது. ஜாடியைப் பார்த்தேன். அதை எடுத்துத் தனக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"டாக்டர் ஆறு வருஷமா கத்தினாரு. நானும் அழுது பாத்தேன்" என்றாள், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே. "போனதுதான் போனீங்க, சக்கரைக்கும் எதனா ராட்டினம் வெச்சிருக்கானுங்களான்னு ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்திருக்கலாம் இல்ல?"